ஒன்பதாயிரம் ரூபாய் பில்லும் மச்சானின் ஸ்பானரும்

கேள்வி: அண்ணா, தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். 2018 மாடல் சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன், 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரண்டி முடிந்து ரொம்ப நாளாகிறது. இருந்தாலும் ஒரு பயத்தில் கம்பெனி சர்வீஸிலேயே விட்டு வருகிறேன். போன மாதம் வந்த பில் 9,050 ரூபாய். என் மச்சான், "இதில் பாதி தண்டம், வீடியோ பார்த்து நாமே செய்துவிடலாம்" என்கிறார். ஆயில் கேன்கூட வாங்கி வைத்துவிட்டார். எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் ஷெட்டும் இருக்கிறது. கம்பெனியா, ஷெட்டா, நாங்களேவா, எது கட்டுப்படியாகும்? வெளியே விட்டால் பிற்பாடு ஏதாவது பிரச்சினை என்றால் கம்பெனி கையை விரித்துவிடுமா? இந்த வருட பில்லையும் போன வருட பில்லையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, தண்டம் இருக்கிறது என்று உங்கள் மச்சான் சொன்னது சரிதான். ஆனால் அது அவர் நினைக்கிற இடத்தில் இல்லை. அவர் ஆயிலில் தேடுகிறார், அது பில்லின் கடைசி நாலு வரியில் உட்கார்ந்திருக்கிறது. அதை மிச்சம் பிடிக்க ஸ்பானரே வேண்டாம், "இது வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வியாசர்பாடியில் சொந்த ஷெட் போடுவதற்கு முன்னால் பல வருடம் ஒரு கம்பெனி சர்வீஸில் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். வண்டியை விட வருகிறவரிடம் ஜாப் கார்டு என்கிற வேலைச்சீட்டை எழுதும்போது, "ஏசி வாடை வருதா சார்?" என்று கேட்கவேண்டும். சென்னையில் எந்தக் காரில்தான் ஏசி போட்ட முதல் நிமிஷம் ஒரு வாடை வராது? அவர் "ஆமா, லேசா" என்பார். 850 ரூபாய் ஏறிவிடும். மாதத்துக்கு இத்தனை என்று எங்களுக்கு டார்கெட் இருந்தது. ஏமாற்று என்று சொல்லமாட்டேன், அந்த வேலையைச் செய்துதான் கொடுத்தோம். ஆனால் வண்டி அதைக் கேட்கவில்லை.

இப்போது உங்கள் பில்லுக்கு வருவோம். வரிசையாக இருப்பதை நான் மூன்று கூறாகப் பிரித்துப் பார்க்கிறேன். பொருள்: எஞ்சின் ஆயில் 1,450, ஆயில் ஃபில்டர் 120, ட்ரெயின் வாஷர் (ஆயில் வடிக்கிற போல்ட்டுக்குப் போடுகிற வளையம்) 20, ஏர் ஃபில்டர் 320, ஏசி ஃபில்டர் 400, ஸ்பார்க் பிளக் நாலு 520, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்) 160. கூட்டினால் 2,990. வேலை: சர்வீஸ் லேபர் 1,850, பிரேக் கிளீனிங் 650, வீல் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் 900. இது 3,400. மூன்றாவது கூறுதான் நான் சொன்ன கடைசி நாலு வரி: ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன் (அந்த வாடைக்கு அடிக்கிற ஸ்பிரே) 850, எஞ்சின் கோட்டிங் 500, இன்டீரியர் கிளீனிங் 1,200, கன்ஸ்யூமபிள்ஸ் (சில்லறைச் சாமான்) 110. மொத்தம் 2,660.

இந்த மூன்றாவது கூறில் ஒன்றுகூட உங்கள் கார் ஓடுவதற்குத் தேவையில்லை. எஞ்சின் கோட்டிங் என்பது பானெட்டைத் திறந்தால் பளபளவென்று தெரிவதற்காக அடிக்கிற ஸ்பிரே. ஒரு மழைக்கு அப்புறம் அது இருந்த இடம் தெரியாது. இன்டீரியர் கிளீனிங் உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், ஆனால் அது வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது மாதிரி, சர்வீஸ் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் அந்தப் பிளக். நீங்கள் போன வருட பில்லையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதிலும் நாலு பிளக் இருக்கிறது! 39,000-இல் மாற்றிய பிளக்கை 48,000-இல் மறுபடி ஏன் மாற்றினார்கள்? சாதாரண நிக்கல் பிளக்கே முப்பதாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும். இரிடியம் என்றால் லட்சத்தைத் தொடும். ஒன்று, கணினியில் சர்வீஸ் பட்டியலை அப்படியே தட்டியிருக்கிறார்கள். இல்லையென்றால் போன தடவை பில்லில் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எது என்று உங்களாலும் சொல்லமுடியாது, என்னாலும் முடியாது, ஏனென்றால் பழைய பிளக்கை நீங்கள் கேட்டு வாங்கவில்லை. இனிமேல் எங்கே விட்டாலும், "மாற்றுகிற பழைய பாகத்தையெல்லாம் டிக்கியில் போட்டுவிடுங்கள்" என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அதைப் பார்த்ததும் பில்லில் சில வரிகள் தானாகக் காணாமல் போகும்.

ஆக, பிளக்கையும் அந்த நாலு வரியையும் கழித்தால் அதே கம்பெனியில் அதே சர்வீஸ் 5,870 ரூபாய்க்கு முடிந்திருக்கும். மச்சானுக்குச் சொல்லுங்கள், கையில் கறை படாமல் 3,180 ரூபாய் மிச்சம்.

சரி, அடுத்த கேள்வி: ஷெட்டா, சொந்தக் கையா? பொருளை நீங்களே கடையில் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயில், ஆயில் ஃபில்டர், வாஷர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் எல்லாம் சேர்த்து நல்ல பிராண்டிலேயே 2,030 ரூபாய் வாக்கில் முடித்துவிடலாம். எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் உங்கள் மாதிரிக் காருக்கு சர்வீஸ் லேபர் 800, பிரேக் கிளீனிங் 400 வாங்குகிறோம். டயர் கடையில் அலைன்மென்ட் பேலன்சிங் 600. மொத்தம் 3,830. கம்பெனியில் வீண்வரிகளை வெட்டிய பிறகும் 5,870 என்றால், வருடத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம். இது கணிசம்தான்.

இப்போது மச்சானின் யோசனை. நீங்களே ஆயில் மாற்றினால் அந்த 800 ரூபாய் லேபர் மிச்சம். பிரேக்குக்கும் அலைன்மென்ட்டுக்கும் எப்படியும் வெளியே போகத்தான் வேண்டும். அந்த எண்ணூறை மிச்சம் பிடிக்க என்ன வேண்டும்? ஜாக்கி ஸ்டாண்ட் ஒரு ஜோடி, அளவாக இறுக்க உதவுகிற டார்க் ரெஞ்ச், ஃபில்டர் கழற்றுகிற ரெஞ்ச், பாக்ஸ் ஸ்பானர், ஆயில் பிடிக்கிற தட்டு, கையுறை. உருப்படியான சாமான் வாங்கினால் 5,500 ரூபாய் ஆகும். வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுகிற ஒரே காருக்கு அந்தப் பணம் திரும்பி வர ஏழு வருடம். அதற்குள் நீங்கள் காரை விற்றிருப்பீர்கள். வீட்டில் மூன்று கார் இருக்கிறது, மாடியில் சாமான் வைக்க இடமிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையில்லை என்றால் கணக்கு மாறும். இந்த வேலையே பிடித்துப்போய்ச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கணக்குப் பேசுவதில்லை, அது தனி ஆசை.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை இடம். தண்டையார்பேட்டைத் தெருவில் காரை ஜாக்கி போட்டுத் தூக்க எங்கே சமமான தரை இருக்கிறது? பேவர் பிளாக் போட்ட இடத்தில் கல் ஒரு பக்கம் இறங்கும். சித்திரை வெயிலில் தார் இளகி ஜாக்கியின் அடிப்பாகம் உள்ளே அமுங்குவதை நானே பார்த்திருக்கிறேன். காரோடு கொடுக்கிற ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி அடியில் தலையை நுழைக்கக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி மேலே காரை உட்கார வைப்பது அதைவிட மோசம், அந்தக் கல் முன்னறிவிப்பில்லாமல் ஒரே நொடியில் பொடியாகும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மச்சான் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆயில் மாற்றுவது பார்க்கச் சுலபம்தான். ட்ரெயின் போல்ட்டைக் கழற்று, வடிய விடு, ஃபில்டரை மாற்று, புது ஆயிலை ஊற்று. வீடியோவில் எட்டு நிமிஷம். நான் தொழில் கற்ற புதிதில் அந்த எட்டு நிமிஷ வேலையில் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். ஆயில் ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது சில சமயம் அந்த வளையம் மட்டும் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இருட்டில் கறுப்பு மேல் கறுப்பு, கண்ணுக்குத் தெரியாது. விரலால் ஒரு சுற்று தடவிப் பார்க்கவேண்டும். நான் தடவவில்லை. புது ஃபில்டரை அதன் மேலேயே மாட்டி இறுக்கிவிட்டேன். ஷெட்டில் ஸ்டார்ட் செய்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஓட்டிப் பார்க்கலாம் என்று பேசின் பிரிட்ஜ் பக்கம் போனோம். கொஞ்சம் வேகம் எடுத்ததும் இரண்டு ரப்பருக்கும் நடுவில் பிய்த்துக்கொண்டு ஆயில் பீய்ச்சி அடித்தது. டேஷ்போர்டில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்ததும் என் ஆசான் உடனே எஞ்சினை நிறுத்தினார். நிறுத்தியிருக்காவிட்டால் எஞ்சினே போயிருக்கும். திரும்பிப் பார்த்தால் சாலை முழுக்க ஒரு கறுப்புக் கோடு. பின்னால் வருகிற பைக்காரர்கள் வழுக்கி விழாமல் இருக்க அந்தக் கோட்டின் மேல் மணல் தூவிக்கொண்டே ஷெட் வரைக்கும் நடந்தேன்.

இன்னொன்று மரை. ட்ரெயின் போல்ட்டைக் கோணலாக வைத்துத் திருகினாலோ, "ஒழுகிவிடப் போகிறது" என்ற பயத்தில் கூடுதலாக இறுக்கினாலோ, ஆயில் நிற்கிற அடித்தொட்டியான சேம்பரின் மரை போய்விடும். வருடத்துக்கு நாலைந்து கார் இந்தக் காரணத்துக்காகவே என் ஷெட்டுக்குக் கட்டி இழுத்து வருகிறது. மரை மறுபடி போட முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் சேம்பரையே மாற்றவேண்டும். எண்ணூறு ரூபாய் லேபரை மிச்சம் பிடித்தவர் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டுப் போவார்.

மூன்றாவது பிரச்சினை யாரும் கேட்காதது. வடிந்த அந்த மூன்று லிட்டர் கழிவு ஆயிலை எங்கே கொட்டுவீர்கள்? தெருக் கால்வாயில் ஊற்றினால் அது பக்கிங்காம் கால்வாய்க்கோ கேப்டன் காட்டன் கால்வாய்க்கோ போகும், அங்கிருந்து எண்ணூர் கழிமுகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் மீனவர்களின் படகும் வலையும் என்ன ஆனது என்று நாம் நேரில் பார்த்தவர்கள். கழிவு ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. ஷெட்டில் அதைப் பீப்பாயில் சேர்த்து, சுத்திகரித்து மறுபடி ஆயிலாக்குகிறவர்களுக்குக் கொடுக்கிறோம். அதற்குப் பணமும் வருகிறது, நான் பெரிய புண்ணியவான் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் செய்கிறவர் அந்த ஆயிலைக் கேனில் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குத்தான் வரவேண்டும். எப்படியும் வரப்போகிறீர்கள், காரோடு வந்துவிடுங்கள்.

அதனால் என் கணக்கு இதுதான்: காருக்கு அடியில் உள்ளது மெக்கானிக்குக்கு, பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டுவது உங்களுக்கும் மச்சானுக்கும். அவருடைய ஆர்வத்தை வீணாக்க வேண்டாம், அங்கே நிறையவே வேலை இருக்கிறது.

முதலில் ஏர் ஃபில்டர். நம் பக்கத்துத் தூசி வேறு எங்கும் கிடையாது. மணலி சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் தினமும் போகிற கார் என்றால், பெட்டியைத் திறந்து பாருங்கள். கிளிப்பையோ ஸ்க்ரூவையோ விலக்கினால் மேல்மூடி தூக்கிக்கொண்டு வரும். உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு காகிதம். அதன் ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில், விரல் வைத்தால் மாவு மாதிரி ஒட்டும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்துக்கொண்டு எடுங்கள், லேசாகத் தரையில் தட்டுங்கள், தூசி கொட்டும். தண்ணீரில் அலசக் கூடாது. மடிப்புக்குள் கறுத்துப்போயிருந்தால் புதிது. மாட்டுவதற்கு முன்னால் பெட்டியின் அடியில் கிடக்கிற மணலையும் காய்ந்த இலையையும் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். ஸ்பானரே தேவைப்படாத, பத்து நிமிஷ வேலை. கம்பெனிப் புத்தகம் பொதுவாக நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லும். நம் பக்கத்தில் நான் அதுவரை காத்திருப்பதில்லை.

ஏசி ஃபில்டர் அதைவிடச் சுலபம். பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். டப்பாவின் இரண்டு ஓரத்தையும் உள்பக்கம் அமுக்கினால் அது கீழே தொங்கும், பின்னால் நீளமான ஒரு மூடி தெரியும். ஃபில்டரின் மேல் ஒரு அம்புக்குறி போட்டிருப்பார்கள், காற்று போகிற திசை அது. மாற்றிப் போடாதீர்கள். ஒரு வேடிக்கை சொல்கிறேன்: பழைய சின்னக் கார்கள் சிலவற்றில் கம்பெனியே அந்த இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட காருக்கும் "ஏசி ஃபில்டர் கிளீனிங்" என்று பில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பில்லில் 400 ரூபாய்க்கு ஃபில்டர் வந்திருக்கிறது. இன்றைக்கே டப்பாவைத் திறந்து அது உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல ஃபில்டர் உள்ளே இருந்தால் அந்த ஏசி வாடையிலும் பாதி போய்விடும், 850 ரூபாய் ஸ்பிரேவுக்கு வேலை இருக்காது.

பேட்டரி. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் உப்புக்காற்றில் பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூக்கும். காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறினால் பேட்டரியே போய்விட்டது என்று புதிது வாங்கிவிடுகிறார்கள். முதலில் மைனஸ் முனையைக் கழற்றுங்கள், அப்புறம் பிளஸ். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றிப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போகும். கைக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு வைத்துக்கொள்ளுங்கள், அது அமிலம். துடைத்துக் காயவிட்டு, பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில் மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். செலவு பத்து ரூபாய். நிஜமாகவே பேட்டரி போயிருந்தால், பழைய பேட்டரியைக் கொடுத்துத்தான் புதிது வாங்குங்கள், ஈயத்துக்கு விலை உண்டு.

கூலன்ட்டும் உங்கள் வேலைதான், டேங்கில் குறிக்குக் கீழே இறங்கியிருந்தால் ஊற்ற வேண்டியதுதான். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். கலந்தே விற்கிற கூலன்ட்டாக, ஏற்கெனவே இருக்கிற அதே வகையாகப் பார்த்து வாங்குங்கள். இதில் வடசென்னைக்காரர்கள் செய்கிற ஒரு தப்பு இருக்கிறது. "தண்ணிதானே" என்று போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று வீட்டில் அலுத்துக்கொள்வார்கள், அதையே ரேடியேட்டருக்குக் கொடுப்பார்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. கூலன்ட் மாதாமாதம் குறைந்துகொண்டே போனால் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள், எங்கோ ஒழுகுகிறது.

வைப்பர் பிளேடு, பல்பு, கண்ணாடி கழுவுகிற தண்ணீர் எல்லாம் நீங்களே. டயர் காற்றும் அப்படித்தான். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் எவ்வளவு என்று எழுதியிருக்கும், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் பார்க்கவேண்டும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள், இரண்டு குறிக்கும் நடுவில் இருந்தால் போதும்.

பிரேக்கில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது பேடாக இருந்தாலும் சரி, பிரேக் ஆயிலாக இருந்தாலும் சரி. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது, அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டும். உங்கள் இரண்டு பில்லிலும் அது இல்லை! எஞ்சினுக்குப் பளபளப்பு ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டு மாற்றிவிடுங்கள். பிரேக் கிளீனிங் 650 என்பதில் எனக்குக் குறையில்லை. நம் ஊர்த் தூசியிலும் மழைத் தண்ணீரிலும் ஓடுகிற காருக்கு வருடத்துக்கு ஒரு தடவை அது வேண்டும். அலைன்மென்ட் மட்டும் வருடாவருடம் கட்டாயமில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தும் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தாலோ, பெரிய பள்ளத்தில் இறக்கிவிட்டாலோ செய்யுங்கள். மெட்ரோ வேலை நடக்கிற பெரம்பூர், மாதவரம் பக்கம் தினமும் போகிறவர் என்றால் செய்துவிடுவதே நல்லது.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. சுரங்கப்பாதையிலோ வாசலிலோ கார் சீட் அளவுக்குத் தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால், ஒரு தடவை ஸ்டார்ட் செய்தாலே உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடுங்கள். அது வீடியோ பார்த்துச் செய்கிற வேலையில்லை.

தெருமுனை ஷெட் எப்படி என்று தெரியாமல் நான் சான்றிதழ் கொடுக்கமுடியாது. ஒரு நாள் சும்மா போய் நின்று பாருங்கள். கழற்றின போல்ட்டைத் தட்டில் போடுகிறாரா, தரையில் போடுகிறாரா? ட்ரெயின் வாஷரைப் புதிதாகப் போடுகிறாரா, பழையதையே திருப்பிப் போடுகிறாரா? ஆயில் கேனின் சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கிறாரா, இல்லை மூலையில் இருக்கிற டிரம்மிலிருந்து பிடித்து ஊற்றுகிறாரா? டிரம் ஆயில் என்றால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த ஷெட்டைப் பாருங்கள். நாம் வாங்கி வருகிற பொருளைப் போட மறுக்காதவராகவும் இருக்கவேண்டும். சிலருக்கு அதில் வருத்தம் உண்டு, பொருளில் வருகிற லாபத்தையும் சேர்த்துத்தான் லேபரைக் குறைத்துச் சொல்லியிருப்பார்கள். அப்படியென்றால் லேபரில் நூறு இருநூறு கூடக் கொடுங்கள், நியாயம்தான்.

பொருள் வாங்க ஜி.பி. ரோடு போகலாம், பில்லோடு வாங்குங்கள். ஃபில்டரிலும் ஆயிலிலும் டூப்ளிகேட் உண்டு, பாதி விலைக்குக் கொடுக்கிறார் என்றால் சந்தேகப்படுங்கள். புதுப்பேட்டையில் பழைய சைடு கண்ணாடியோ கதவுக் கைப்பிடியோ பேரம் பேசி வாங்குவது ஒரு கலை, ஆனால் பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே பழசாக வாங்காதீர்கள். இரண்டு வருட பில்லையும் ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடையில் பேசாதீர்கள்.

கம்பெனி கையை விரிக்குமா என்று கேட்டீர்கள். விரிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, வாரண்டிதான் முடிந்துவிட்டதே. வாரண்டிக்குள் இருக்கிற புதுக் கார் என்றால், பேசாமல் கம்பெனியிலேயே விடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன், ஷெட் வைத்திருந்தாலும். ஆனால் தயாரிப்பில் குறை என்று கம்பெனி எப்போதாவது ரீகால் அறிவித்தால், அந்த வேலையை இலவசமாகச் செய்து தரவேண்டும். நீங்கள் சர்வீஸ் எங்கே விட்டீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சேசிஸ் நம்பரைச் சொல்லி வருடத்துக்கு ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள். ஷெட்டில் செய்கிற சர்வீஸுக்கும் தேதி, கிலோமீட்டர், ஆயில் பெயர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, பொருள் வாங்கின பில்லை அதிலேயே ஒட்டி வையுங்கள். காரை விற்கும்போது வாங்குகிறவர் கேட்பது அதைத்தான்.

கடைசியாக மச்சான் வாங்கி வைத்திருக்கிற அந்தக் கேன். நீங்கள் அனுப்பிய படத்தின் ஓரத்தில் அதுவும் விழுந்திருக்கிறது. 20டபிள்யூ-50 என்று போட்டிருக்கிறது. கெட்டியான ஆயில் நல்லது என்று அந்தக் காலத்து அம்பாசிடர் கணக்கில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உங்கள் காரின் வயதுள்ள பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் 5டபிள்யூ-30 மாதிரி இளகிய ஆயில்தான் சொல்லியிருப்பார்கள். டேஷ்போர்டு டப்பாவில் இருக்கிற கையேட்டில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதுதான், கடைக்காரர் சொன்னாலும் நான் சொன்னாலும் வேறு வேண்டாம். அதைத் தன் பைக்கில் ஊற்றிவிடலாம் என்று அவர் நினைத்தால் தடுத்துவிடுங்கள், காருக்கான ஆயிலில் பைக் கிளட்ச் வழுக்கக்கூடும். சீல் உடைக்காமல் இருந்தால் பில்லோடு அதே கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். போகிற போக்கில் ஒரு டயர் காற்று கேஜும் வாங்கிவரச் சொல்லுங்கள், அது அவருக்கு.